மூன்று அங்குலமும் ஒரு காரணமும்: பிரிட்டனின் கத்திச் சட்டத்தை எங்கே திருத்த வேண்டும்?

பிரிட்டனில் ஒரு கத்திக்குத்துச் செய்தி நாட்டை உலுக்கிவிட்டால் சில வாரங்களில் புதுத் தடை பற்றிய பேச்சு எழுகிறது. 2016இல் ஸோம்பி கத்தி, அதாவது வன்முறையைத் தூண்டும் படமோ எழுத்தோ பொறித்த ரம்பப் பல் கத்தி, தடை செய்யப்பட்டது. 2024இல் ஸோம்பி பாணிக் கத்திகளும் மச்செட்டி என்னும் பெரிய வெட்டுக்கத்திகளும், 2025இல் நிஞ்சா வாளும் பட்டியலில் சேர்ந்தன. பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் வீதியில் கத்தி வைத்திருப்பதை 1988 முதல் ஆண்டுவரும் அடிப்படைச் சட்டம் என்ன சொல்கிறது, அது எங்கே சரியாக வேலை செய்கிறது, எங்கே இடறுகிறது என்பது விவாதத்துக்குள் வருவதே இல்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 1988 சட்டம் இருக்க வேண்டும். அதில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். விதவிதமான வாள்களுக்குப் பெயர் வைத்துத் தடை போடும் உழைப்பில் பாதியையாவது சமையலறைக் கத்தியின் முனை மீதும், கத்தி விற்கப்படும் வழி மீதும் செலுத்த வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. தேவையான இடத்தில் அதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

சட்டத்தின் பெயர் குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. அலகு உள்ள எந்தப் பொருளையும், கூர்முனை உள்ள எந்தப் பொருளையும் நல்ல காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம் என்பது அதன் சாரம். விலக்கு ஒன்றே ஒன்றுதான்: மடக்கக்கூடிய பாக்கெட் கத்தி. அதிலும் அலகின் வெட்டும் வாய் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 3 அங்குலம் என்றால் 7.62 சென்டிமீட்டர். இதில் பலர் தடுமாறும் இடம், அந்த மூன்று அங்குல அளவு மடக்குக் கத்திக்கு மட்டுமே உரியது என்பது. பிடியோடு அசையாமல் பொருத்திய கத்திக்கு எந்த நீளச் சலுகையும் கிடையாது. இரண்டு அங்குலப் பழக்கத்தியானாலும் சட்டைப் பையில் காரணமில்லாமல் இருந்தால் குற்றம்தான். அட்டைப்பெட்டி, கம்பளம் அறுக்கப் பயன்படும், அலகை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஸ்டான்லி கத்தியும் அப்படியே. உள்ளே போனாலும் அது மடங்குவதில்லை.

கூர்மை இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. 2005இல் புரூக்கர் வழக்கில், வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியும் அலகுள்ள பொருள்தான் என்று தீர்ப்பானது. மறுபுறம் 1998இல் டேவிஸ் வழக்கில், ஸ்க்ரூடிரைவர் அலகுள்ள பொருள் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே ஸ்க்ரூடிரைவரை ஒருவரைக் குத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் 1953ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் பிடித்துக்கொள்ளும். பொது இடம் என்பது தெரு மட்டும் அன்று. மக்கள் வந்துபோகும் எந்த இடமும் பொது இடமே. சாலையில் நிற்கும் உங்கள் காரும் அதற்குள் அடங்கும். கார் என் சொந்த இடம் என்ற எண்ணம் நிறையப் பேரை நீதிமன்றப் படி ஏற வைத்திருக்கிறது.

நான் திருத்தச் சொல்லும் முதல் இடம் மடக்குக் கத்தியின் பூட்டு. சட்டத்தில் பூட்டு என்ற சொல்லே கிடையாது. மடக்குக் கத்தி என்றால் எந்த நேரத்திலும், வேறு எந்தச் செயலும் இல்லாமல், மடக்கினாலே மடங்க வேண்டும்; பொத்தானை அழுத்தியோ தகட்டைத் தள்ளியோ விடுவித்தால்தான் மடங்கும் என்றால் அது சட்டம் சொல்லும் மடக்குக் கத்தி ஆகாது என்று ஹாரிஸ் வழக்கில் நீதிபதிகள் விளக்கினார்கள். 1998இல் டீகன் வழக்கு இதை உறுதி செய்தது. மசோதா விவாதத்தில் அமைச்சர்கள் பேசியதைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அந்த வழக்கில் வாதிட்டார்கள். அந்தப் பேச்சுகள் போதிய தெளிவாக இல்லை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இதன் நடைமுறை விளைவைப் பாருங்கள். விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்திகளில் 84, 91 மில்லிமீட்டர் உடல் கொண்டவை பூட்டு இல்லாதவை. காரணம் கேட்கப்படாமலே வைத்திருக்கலாம். அதே நிறுவனத்தின் 111 மில்லிமீட்டர் வரிசையில் பூட்டு உண்டு. காரணம் வேண்டும். பிரெஞ்சு ஓப்பினெல் கத்தியில் 2 முதல் 5 வரையான எண்களுக்குச் சுழல் வளையம் இல்லை. 6ஆம் எண்ணிலிருந்து வளையம் வருகிறது. 6ஆம் எண்ணின் அலகு 7 சென்டிமீட்டர்தான், மூன்று அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்வதால் அது ஆபத்தான பக்கத்துக்குப் போய்விடுகிறது. லெதர்மேன் வேவ் போன்ற பல்கருவிகளிலும் இதே சிக்கல். கருவிப் பையில் இடுக்கியும் திருப்புளியும் சேர்ந்த ஒரு பொருள், உள்ளே ஒரு அலகு பூட்டிக்கொள்வதால் குற்றப் பொருளாகிறது.

பூட்டு எதற்காக வந்தது என்று பார்த்தால் இந்த விளக்கம் எவ்வளவு தலைகீழானது என்று தெரியும். பூட்டில்லாத கத்தியில் அலகை விரித்த நிலையில் பிடித்திருப்பது பின்புறச் சுருள்தகட்டின் அழுத்தம் மட்டுமே. இழுத்து அறுக்கும்போது பிரச்சினை இல்லை. முனையைக் குத்தித் துளையிட முயன்றாலோ, அலகு மரத்தில் சிக்கி நீங்கள் அசைத்து எடுத்தாலோ, அலகு பிடியை நோக்கி மடங்கி விரல்களின் மேல் விழும். ஆள்காட்டி விரலின் நரம்பு அறுபடுவது இப்படித்தான். பூட்டு, வைத்திருப்பவரின் விரலைக் காக்கும் ஏற்பாடு. மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தி, பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலக்குக்குள் வரும் என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும். எதிர்வாதம் எனக்குத் தெரியும்: பூட்டியிருந்தால் குத்தும்போது நிலையாக இருக்கும், எனவே ஆயுதமாகப் பயன்படும் என்பார்கள். குத்த நினைப்பவனுக்கு வீட்டு இழுப்பறையில் எட்டு அங்குல அலகு கிடைக்கும்போது, மூன்று அங்குலப் பூட்டுக் கத்தியைத் தச்சரிடமிருந்து பறிப்பதால் யாருக்குப் பாதுகாப்பு?

இனி, 1988இல் இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வருகிறேன். 1953ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் தாக்குதல் ஆயுதத்தை மூன்று வகையாகப் பிரித்தது: காயப்படுத்தவே செய்யப்பட்டது, காயப்படுத்துவதற்காக மாற்றி அமைக்கப்பட்டது, காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருப்பது. கைமுட்டிக் கவசம் முதல் வகை. உடைத்துக் கூராக்கிய போத்தல் இரண்டாம் வகை. சமையல் கத்தியோ மூன்றாம் வகையில்தான் வரும். அங்கே வைத்திருந்தவரின் எண்ணத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். நள்ளிரவில் இரவு விடுதி வாசலில் காய்கறிக் கத்தியோடு நிற்பவர் வாயைத் திறக்காவிட்டால் எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? இந்த இடைவெளியை அடைத்ததுதான் பிரிவு 139. எண்ணத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, வைத்திருப்பவரிடம் காரணத்தைக் கேட்டது. அந்தக் காரணத்தை அவரே நிலைநாட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, இல்லை என்பதைவிட உண்டு என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். 2003இல் மாத்யூஸ் வழக்கில் இந்தச் சுமை மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானதன்று என்று முடிவானது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்தே நீக்கிவிடுகிறது. கூரிய ஆயுதங்களுக்கான அட்டவணையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்ற அளவுகள் வருகின்றன. உரிமம் வேண்டுமா என்பதும் அந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை செய்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அறுப்பு அரிவாள் அங்கே வேளாண் கருவி. பிரிட்டனில் அதற்கு அப்படி ஒரு தனித் தகுதி கிடையாது. கைப்பிடியில் அசையாத அலகு, அவ்வளவுதான். எதற்காக இன்று, இங்கே, கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு மூன்று பதில்களைச் சட்டமே பெயர் சொல்லி ஏற்கிறது: வேலைக்காக, மதக் காரணத்துக்காக, தேசிய உடையின் பகுதியாக. கடைசியது பெரும்பாலும் ஸ்காட்டிஷ் கில்ட் உடையோடு காலுறையில் செருகும் சிறு கத்திக்கானது. இவை தவிர வேறு நல்ல காரணங்களும் ஏற்கப்படும். மீன்பிடிப்பு, முகாம், புதிதாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது போன்றவை. காரணம் நல்லதா என்று தீர்மானிப்பது ஜூரி. 2005இல் வாங் வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதை அழுத்தமாகச் சொன்னது. கிளாக்டன் ரயில் நிலையத்தில் தற்காப்புக் கலை வாளோடு இருந்த ஒருவர் விஷயத்தில், காரணம் எடுபடாது என்று கருதிய நீதிபதி, குற்றவாளி எனத் தீர்ப்புச் சொல்லும்படி ஜூரிக்கு உத்தரவிட்டிருந்தார். எந்த நிலையிலும் நீதிபதி அப்படி உத்தரவிட முடியாது என்று அந்தத் தண்டனை ரத்தானது.

காரணத்துக்கு ஆயுள் குறைவு என்பதுதான் எல்லோரும் மனத்தில் பதிக்க வேண்டியது. வேலை முடிந்ததும் காரணமும் முடிந்துவிடும். 1992இல் கிரெக்சன் வழக்கில், ஆறு நாளுக்கு முன் வேலைக்கு எடுத்த கத்தி பையிலேயே இருந்ததை மறந்துவிட்டேன் என்று சொன்னவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. மறதி நல்ல காரணம் ஆகாது. 2003இல் ஜோலி வழக்கு இதைச் சற்று இளக்கியது: மறதி மட்டும் போதாது, வேறு சூழ்நிலைகளோடு சேர்ந்தால் ஜூரி அதைக் கணக்கில் எடுக்கலாம். நான் திருத்தச் சொல்லும் இரண்டாவது இடம் இதுவே. நியாயமான காரணத்தோடு எடுத்த வேலைக் கருவி, எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இல்லாமல் கருவிப்பெட்டியில் மூடியபடி கிடந்தால், வேலை முடிந்து சில நாள்வரை அந்தக் காரணம் நீடிக்கும் என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம். இன்று அது காவலரின் மனநிலையையும் வழக்குத் தொடுப்பவரின் தீர்மானத்தையும் நம்பித் தொங்குகிறது.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. உணவகச் சமையல்காரர்கள் சொந்தக் கத்திகளைத் துணி உறையில் சுருட்டி, கட்டி, முதுகுப் பையின் அடியில் வைக்க வேண்டும். கோட்டுப் பையில் ஒரு கத்தி தனியாக இருந்தால் அந்தச் சுருள் தரும் நம்பகத்தன்மை போய்விடும். வேலைநேர அட்டவணை கைபேசியில் இருக்கட்டும். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு. நடுவில் மதுக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், அங்கே அந்தக் கத்திக்கு வேலை என்ன என்ற கேள்விக்குப் பதில் கடினம். முடிந்தால் கத்திகளை உணவகத்திலேயே பூட்டி வைப்பது இன்னும் நல்லது. கம்பளம் விரிப்பவர்கள், பெட்டி பிரிக்கும் கிடங்கு ஊழியர்கள் ஸ்டான்லி கத்தியைக் கால்சட்டைப் பையில் போட்டபடியே பேருந்தில் ஏறுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. வேலையிடத்தை விட்டுக் கிளம்பும்போது பையைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். காரில் கையெட்டும் இடத்தில், கதவுப் பையில், இருக்கைக்கு அடியில் கத்தி இருக்கவே கூடாது. பின்பெட்டியில், கருவிப்பெட்டிக்குள், அந்த வேலைக்கான மற்றக் கருவிகளோடு இருக்கட்டும்.

லண்டனில் சவுத்தாலிலோ டூட்டிங்கிலோ அருவாமனை வாங்குகிறவர்களும் இதே வரம்புக்குள்தான். பெட்டியைப் பிரிக்காதீர்கள். பெட்டி இல்லாவிட்டால் தடித்த அட்டையில் அலகைச் சுற்றி ஒட்டச் சொல்லி வாங்குங்கள். ரசீதை வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போங்கள். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணச் சமையலுக்கு எடுத்துப் போவதும் நல்ல காரணமே. திரும்பி வந்த அன்றே காரிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

மதக் காரணம் என்றதும் சீக்கியர்கள் அணியும் குறுவாளான கிர்பான் நினைவுக்கு வரும். சட்டம் எந்த மதத்தின் பெயரையும் சொல்லவில்லை, கிர்பானுக்கு நீள வரம்பும் வைக்கவில்லை. 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்கள் 2008இல் தடைப் பட்டியலில் சேர்ந்தபோது மதச் சடங்குகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் சீக்கியர்கள் பெரிய கிர்பானை மரியாதைப் பரிசாக வழங்கும் வழக்கம் அதற்குள் வரவில்லை. 2019ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதச் சட்டம் அதைச் சரிசெய்தது. விவாதம் கேட்டு, காரணம் புரிந்து திருத்தினால் சட்டம் எவ்வளவு துல்லியமாக முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. லண்டன் முருகன், அம்மன் கோயில்களின் தேர்த் திருவிழாவில் அலகு குத்தும் வேல்களும், தேங்காய் உடைக்கும் கத்திகளும் தெருவுக்கு வருகின்றன. இவற்றையும் அதே மதக் காரணம் காக்கும். ஊர்வலம் போகும் நேரத்தில் காக்கும் என்பதைக் கவனியுங்கள். விழா முடிந்தபின் தேங்காய்க் கத்தியை ஒருவர் தன் பையில் போட்டு ரயிலில் கொண்டுபோவது வேறு விஷயம். கோயில் பொருள்களோடு கோயில் வாகனத்திலேயே வந்து, அதிலேயே திரும்பட்டும்.

இந்த விவாதத்தில் மிகவும் கனமான கேள்வி தற்காப்பு பற்றியது. பிடிபடும் இளைஞர்கள் சொல்லும் காரணங்களில் பயம் முக்கியமானது: அவன் வைத்திருப்பான், அதனால் நானும் வைத்திருக்கிறேன். சட்டம் பொதுவான பயத்தை ஏற்பதில்லை. குறிப்பிட்ட, உடனடியான தாக்குதல் அச்சம் இருந்தால் மட்டுமே அதைக் காரணமாக எடைபோடலாம். 1953 சட்டத்தின் கீழ் எவன்ஸ் எதிர் ஹியூஸ் வழக்கிலும், 139ஆம் பிரிவின் கீழ் 2009இல் மெக்காலி வழக்கிலும் வந்த கோடு இது. இந்தக் கோடு சரியானது என்றே நினைக்கிறேன். பொதுப் பயத்தை ஏற்றுக்கொண்டால் ஒரு வட்டாரம் முழுக்கக் கத்தியோடு நடக்கும், ஒவ்வொரு கத்தியும் அடுத்தவனுக்குக் காரணமாகும். ஆனால் கோடு சரி என்பதாலேயே பயம் போய்விடாது. பதினைந்து வயதுப் பையன் சிறைத்தண்டனைக் கணக்கையும் குத்துப்படும் சாத்தியத்தையும் எடைபோட்டு முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறான். தண்டனையை ஏற்றுவதால் அவனுடைய தராசு அதிகம் மாறுவதில்லை. கிளாஸ்கோவில் 2005இல் ஸ்ட்ராத்கிளைட் காவல்துறை தொடங்கிய வன்முறைக் குறைப்புப் பிரிவு, கத்திக்குத்தை ஒரு தொற்றுநோய் போல அணுகியது. குழுக்களை நேரில் அழைத்துப் பேசியது, வேலைக்கும் போதை மீட்புக்கும் வழி காட்டியது, மருத்துவமனையில் காயத்தோடு கிடப்பவரைப் படுக்கையருகிலேயே சந்தித்தது. ஸ்காட்லாந்தில் அதே காலத்தில் சட்டமும் கடுமையாயிற்று. இரண்டில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஆனால் தண்டனை மட்டும் போதும் என்ற கட்சி கிளாஸ்கோவைத் தன் சாட்சியாக அழைக்க முடியாது.

சட்டத்தை வீதியில் செயல்படுத்துவது நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம். 1984ஆம் ஆண்டின் காவல், குற்றச் சான்றுச் சட்டம் முதல் பிரிவின்படி காவலருக்கு நியாயமான சந்தேகம் வேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் அதுவும் தேவையில்லை. ஒரு பகுதியில் கடும் வன்முறை நடக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் நிலை அதிகாரி ஒப்புதல் தந்தால் அங்கே யாரையும் சோதிக்கலாம். முதலில் 24 மணி நேரம், நீட்டித்தால் 48 வரை. கறுப்பினத்தவர்கள் வெள்ளையரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகச் சோதிக்கப்படுவதாக அரசின் சொந்தக் கணக்குகளே காட்டிவருகின்றன. 2008இல் லண்டனில் பிளண்ட் 2 என்ற பெரிய நடவடிக்கை தொடங்கிச் சில வட்டாரங்களில் ஆயுதச் சோதனைகள் பலமடங்கு கூட்டப்பட்டன. உள்துறை அமைச்சகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அந்த அதிகரிப்பால் குற்றம் குறைந்ததாகக் கண்டறியத்தக்க விளைவு இல்லை என்றது. தகவல் அடிப்படையில் குறிப்பிட்ட ஆளைச் சோதிப்பது தேவை. கண்ணில் பட்டவரையெல்லாம் சோதிப்பது, காவலருக்குத் தகவல் சொல்லவேண்டிய மக்களையே தள்ளிவிடுகிறது.

உங்களை நிறுத்தினால், சோதனைக்கு முன் காவலர் தன் பெயர், காவல் நிலையம், எதைத் தேடுகிறார், ஏன், எந்தச் சட்டத்தின் கீழ் என்று சொல்ல வேண்டும். சீருடை இல்லாவிட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பதிவின் நகலை மூன்று மாதத்துக்குள் கேட்டுப் பெறலாம். பையில் வேலைக் கத்தி இருந்தால் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களே எடுத்துக் காட்ட முயலாதீர்கள். கைது செய்தால் காவல் நிலையத்தில் வழக்கறிஞர் உதவி இலவசம். விளக்கம் அவர் வந்தபின்.

தண்டனை உச்ச அளவு நான்கு ஆண்டு. பதினெட்டு வயதைத் தாண்டியவர் இரண்டாம் முறை குற்றவாளியானால் குறைந்தது ஆறு மாதச் சிறை. அசாதாரணச் சூழ்நிலை இருந்தால் மட்டுமே நீதிபதி அதைத் தவிர்க்கலாம். 16, 17 வயதினருக்கு அது நான்கு மாதக் காவல். பள்ளி வளாகத்துக்கு 139ஏ என்ற தனிப் பிரிவே உண்டு. குடியுரிமை இல்லாதவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் நாடுகடத்தல் நடைமுறை தொடங்கும்.

இப்போது தடைப் பட்டியல்களுக்கு வருவோம். இவை வீதியில் வைத்திருப்பதை மட்டும் தடுப்பவை அல்ல. விற்பது, இறக்குமதி செய்வது, 2021 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதுகூடக் குற்றம். 2024 செப்டம்பர் 24இல் நடைமுறைக்கு வந்த வரையறையைப் பாருங்கள். அலகு 8 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும், சாதாரண வெட்டும் வாயும் கூர்முனையும் வேண்டும். அதோடு ரம்பப் பல், ஒன்றுக்கு மேற்பட்ட துளை, முட்கள், இரண்டுக்கு மேற்பட்ட கூர்முனை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். பிடியை ஒட்டி இரண்டு அங்குலம்வரை ரம்பப் பல் இருந்தால் பரவாயில்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் நிஞ்சா வாள்: 14 முதல் 24 அங்குல அலகு, நேரான முதன்மை வாய், கோணமாக வெட்டிய முனை. இப்படி எழுதினால், துளையை ஒன்றாகக் குறைத்து, பல்லை எடுத்துவிட்டு, அதே கனமுள்ள கத்தியை வேறு பெயரில் விற்கத் தொடங்குகிறார்கள். சாதாரண வாயும் ஒற்றை முனையும் உள்ள கொடுவாள் இந்த வரையறைக்குள் வராது என்பதையும் இதில் சேர்த்துச் சொல்லலாம். வீட்டில் தேங்காய் வெட்ட வைத்திருக்கலாம்.

நிஞ்சா வாள் தடைக்கு ரோனன் சட்டம் என்று பெயர். 2022இல் வுல்வர்ஹாம்ப்டனில் கொல்லப்பட்ட 16 வயதுச் சிறுவனின் குடும்பம் ஓயாமல் போராடிப் பெற்ற சட்டம். அந்த வழக்கில் வெளிவந்த உண்மை என்னை இன்னும் கோபப்படுத்துகிறது: கொலையாளியான சிறுவன் தாயின் பெயரில் இணையத்தில் ஆயுதங்களை வாங்கி, பொட்டலத்தைக் கையில் பெற்றிருக்கிறான். வயதுச் சோதனை எங்கும் தடுக்கவில்லை. பதினெட்டுக்குக் கீழ் சமையல் கத்திகூட விற்கக் கூடாது என்பது சட்டம். மூன்று அங்குலத்துக்குள் அடங்கும் மடக்குக் கத்தி போன்ற சிலவற்றுக்கே விலக்கு. ஸ்காட்லாந்தில் 16 வயதானவர் சமையல் கத்தி வாங்கலாம். வாங்கும்போது ஒரு முறை, வீட்டு வாசலில் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்து ஒரு முறை, அதே ஆள்தானா என்று சரிபார்த்தால் வாளின் முனை என்ன கோணம் என்று அளக்கவேண்டிய தேவையே குறையும்.

பெரும்பாலான இறப்புகள் இந்தப் பெயருள்ள வாள்களால் நிகழ்வதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் கொலைகளில் பத்துக்கு நான்கு அளவில் கூரிய ஆயுதத்தால் நடக்கின்றன. கத்தியின் வகை தெரிந்த கொலைகளில் முதலிடம் சமையலறைக் கத்திக்கு. அவற்றில் பலவும் வீட்டுக்குள்ளேயே நடப்பவை. பிரிவு 139 அங்கே நுழையவே முடியாது.

குத்துக்காயத்தின் இயக்கத்தை அறிந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்வது ஒன்று உண்டு. உடலில் கத்திக்கு முதல் பெரிய எதிர்ப்பு தருவது தோல். முனை தோலைக் கடந்துவிட்டால், எலும்பு குறுக்கிடாதவரை, உள்ளே செல்ல மிகக் குறைந்த விசை போதும். தோலைக் கடப்பதைத் தீர்மானிப்பது முனையின் கூர்மை, வாயின் கூர்மை அன்று. முனை வட்டமாக இருந்தால் அதே கை விசையில் கத்தி ஆடையிலும் தோலிலும் வழுக்கிப் போகும் அல்லது ஆழமின்றி நிற்கும். வெட்டுக்காயம் வரும், ஆனால் இதயத்தையோ பெருநாளத்தையோ தொடும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். 2005இல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதையே முன்வைத்தார்கள். நீண்ட அலகில் கூர்முனை எதற்கு என்று சமையல் வல்லுநர்களைக் கேட்டபோது, அது இல்லாமல் முடியாது என்று யாரும் சொல்லவில்லை. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் 1669இலேயே மேசைக் கத்திகளின் முனையை மழுக்க ஆணையிட்டார். இன்று நாம் மேசையில் பயன்படுத்தும் கத்தி வட்டமுனையோடு இருப்பதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

சமையலில் முனை தேவைப்படும் வேலைகள் உண்டு. மீன் வயிற்றைக் கீறுவது, எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிப்பது, எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நான்காகக் கீறுவது. இவை அனைத்துக்கும் மூன்று, நான்கு அங்குலச் சிறுகத்தி போதும். அதன் முனையை விட்டுவிடலாம். வெங்காயம், கீரை, பூசணி நறுக்கும் எட்டு அங்குலக் கத்தியில் வேலை செய்வது வாயின் நடுப்பகுதியும் அடிப்பகுதியும். எனவே ஐந்து அங்குலத்துக்கு மேற்பட்ட புதிய வீட்டுக் கத்திகள் வட்டமுனையோடு மட்டுமே விற்கப்பட வேண்டும், தொழில்முறைக் கசாப்புக்கும் மீன் கடைக்கும் உரிமத்தோடு கூர்முனை கிடைக்கட்டும் என்பது என் கோரிக்கை. அரைக்கல்லில் தேய்த்தால் யாரும் முனை வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வீட்டுச் சண்டையில் ஆத்திரத்தில் இழுப்பறையைத் திறக்கிறவன் அரைக்கல்லைத் தேடிப் போவதில்லை. வாயில்லாத குத்தூசி வேண்டுமென்று திட்டமிடுகிறவனை எந்தச் சட்டமும் எளிதில் தடுக்காது. இன்று வீடுகளில் இருக்கும் கூர்முனைக் கத்திகள் இருபது, முப்பது ஆண்டு உழைக்கும், அதனால் பலன் மெதுவாகவே வரும் என்ற ஆட்சேபம் உண்மை. அதற்குப் பதில், சீக்கிரம் தொடங்குவது. கத்தி தீட்டும் கடையில் பழைய கத்தியின் முனையை வட்டமாக்கித் தரச் சொல்லலாம், சில நிமிட வேலை.

வீட்டில் வேண்டாத கத்தியோ, புதிதாகத் தடைப் பட்டியலில் வந்த வாளோ இருந்தால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பல ஊர்களில் காவல் நிலையத்துக்கு அருகிலும் சந்தைகளிலும் கத்தி ஒப்படைக்கும் இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. அலகைச் செய்தித்தாளிலும் அட்டையிலும் பல சுற்றுச் சுற்றி ஒட்டி, மூடிய பையில் வைத்து, வேறெங்கும் நிற்காமல் நேராகக் கொண்டுபோய்ப் போடுங்கள். தடைப் பட்டியலில் உள்ள பொருளானால் முதலில் காவல்துறையின் 101 எண்ணுக்கு அழைத்து, என்ன கொண்டுவருகிறீர்கள், எந்த நிலையத்துக்கு எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அழைத்த நேரம் கைபேசியில் பதிவாகியிருக்கும். வழியில் யாராவது நிறுத்தினால் காட்டுவதற்கு அது இருக்கும்.